எட்டு ஒயரும் இரட்டிப்பு வேகமும்

சென்னை ரிச்சி தெருவுக்கு ஸ்டெப்பர் மோட்டார் வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை கிலோ?" இணையக் கடைகளிலும் இதே கதை. 'நெமா 17, 4 கிலோ', 'நெமா 23, 10 கிலோ', 'நெமா 23, 19 கிலோ' என்று பட்டியல் நீள்கிறது. மொட்டை மாடி ஷெட்டில் சின்னதாக ஒரு சிஎன்சி இயந்திரம் கட்டியவர், அது மெதுவாக ஓடுகிறதே என்று 10 கிலோவைக் கழற்றிவிட்டு 19 கிலோவை மாட்டுகிறார். காசு போகிறது. இயந்திரம் பல நேரம் முன்பைவிட மந்தமாகிறது.

அந்தக் 'கிலோ' உண்மையில் கிலோகிராம்-சென்டிமீட்டர். மோட்டார் அச்சின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி எத்தனை கிலோ எடை வரை தொங்கவிட்டால் அச்சு திரும்பாமல் தாங்கும் என்பதற்கான அளவு அது. சுற்றாமல் நிற்கிற மோட்டாரில் அளந்த எண். ஓடும்போது அந்தப் பலத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அது சொல்லாது. நெமா 23 என்பதும் பலத்தைக் குறிப்பதல்ல. முகப்புத் தகட்டின் அகலம் 2.3 அங்குலம், அவ்வளவுதான். ஆக, வாங்குபவருக்குத் தெரிந்திருப்பது நிற்கும்போது உள்ள பலமும் முகத்தின் அகலமும். அவருக்குத் தேவையோ வேகம்.

வேகத்தைத் தீர்மானிப்பவை வேறு: காயிலின் இண்டக்டன்ஸ், காயில்களை இணைத்திருக்கும் விதம், பவர் சப்ளையின் வோல்ட். இந்த மூன்றும் கவனிக்கப்படாமல் கிடக்க, கிலோ மட்டும் கடைப்பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புது மோட்டாருக்குக் காசு கொடுப்பதற்கு முன் பழைய மோட்டாரின் ஒயர்களை மாற்றிக் கோத்துப் பார்ப்பதே முறை. விற்பவர்கள் இண்டக்டன்ஸைச் சொல்லி விற்க வேண்டும். பொறியியல் ஆய்வகங்கள் இதைக் கற்றுத்தர வேண்டும்.

பொழுதுபோக்கு இயந்திரத்துக்கு எதற்கு வேகம், யார் உற்பத்திக் கணக்கு கேட்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். மரத்தை வெட்டிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும் ரூட்டரில் இரண்டு வெட்டுமுனை உள்ள பிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முனையும் சுற்றுக்கு 0.05 மி.மீ. சீவ வேண்டுமானால், இயந்திரம் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். 600 மி.மீ.தான் நகர முடிகிறது என்றால் முனை சீவுவதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்த்தால் சூடு. எம்டிஎஃப் பலகையின் ஓரம் காப்பிப்பொடி நிறத்துக்குக் கருகும், செதில் விழ வேண்டிய இடத்தில் மாவாகக் கொட்டும், பிட் சீக்கிரம் மழுங்கும். ரூட்டரின் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாமே என்றால், சிறிய ட்ரிம் ரூட்டர்கள் பலவும் 10,000 சுற்றுக்குக் கீழே இறங்குவதில்லை.

இப்போது அந்த 1,800 மி.மீ. மோட்டாரிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்குரூ என்றால் விநாடிக்கு 7.5 சுற்று. 2 மி.மீ. ஸ்குரூ என்றால் 15 சுற்று. வீட்டில் கட்டிய இயந்திரங்கள் பலவும் திணறி நின்றுபோவது இந்த எல்லைக்குள்தான். மோட்டார் 'கீ' என்று கத்தும், அச்சு அசையாது. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் படி தவறியது தெரியாது, கன்ட்ரோலருக்கும் தெரியாது. திரையில் பிட் ஓர் இடத்தில் இருக்கும், பலகையில் வேறோர் இடத்தில் இருக்கும்.

ஏன் திணறுகிறது? வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கிறது, படிக்கு 1.8 டிகிரி. உள்ளே ஃபேஸ் எனப்படும் இரண்டு காயில் தொகுதிகள். அவற்றில் மின்னோட்டத்தின் திசையை மாறி மாறித் திருப்பினால்தான் ரோட்டர் அடுத்த படிக்கு நகரும். முழுப் படிகளாக ஓட்டும்போது, ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு ஃபேஸிலும் மின்னோட்டம் 100 முறை திசை மாறுகிறது. விநாடிக்கு 10 சுற்று ஓடினால் 1,000 முறை. அதாவது ஒரு திசைமாற்றத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு மில்லி விநாடி.

காயிலோ அவ்வளவு எளிதில் திசை மாற விடாது. இரும்பில் சுற்றிய கம்பி, தன் வழியாகப் பாயும் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும். அந்தப் பிடிவாதத்தின் அளவுதான் இண்டக்டன்ஸ், மில்லிஹென்றியில் சொல்வார்கள். திசைமாற்றத்துக்கு ஆகும் நேரத்தை ஏறத்தாழக் கணக்கிடுவது சுலபம். இண்டக்டன்ஸை ஆம்பியரால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வோல்ட்டால் வகுக்க வேண்டும். இண்டக்டன்ஸ் கூடினால் நேரம் கூடும், வோல்ட் கூடினால் நேரம் குறையும்.

எட்டு ஒயர் மோட்டார் ஒன்றில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். எட்டு ஒயர் என்றால் நான்கு காயில்கள், ஃபேஸுக்கு இரண்டு. ஒவ்வொரு காயிலும் 2 ஆம்பியர், 2 மில்லிஹென்றி என்று கொள்வோம். ஒரு ஃபேஸின் இரண்டு காயில்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் கோத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இண்டக்டன்ஸ் அதன் வர்க்கப்படி நான்கு மடங்காகி 8 மில்லிஹென்றி ஆகும். வெப்பத்தைப் பழைய அளவிலேயே வைக்க மின்னோட்டத்தை 1.4 ஆம்பியருக்குக் குறைக்க வேண்டும். அதே இரண்டு காயில்களைப் பக்கம் பக்கமாகப் பேரலலில் இணைத்தால் இண்டக்டன்ஸ் 2 மில்லிஹென்றியிலேயே நிற்கும், மின்னோட்டத்தை 2.8 ஆம்பியர் வரை ஏற்றலாம்.

பவர் சப்ளை 24 வோல்ட். சீரிஸில் ஒரு திசைமாற்றத்துக்கு 0.93 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு 10 சுற்றில் கிடைப்பதே ஒரு மில்லி விநாடிதான். மின்னோட்டம் முழுதாக ஏறி முடித்ததும் முடிக்காததுமாக அடுத்த உத்தரவு வந்து நிற்கும். பேரலலில் 0.47 மில்லி விநாடி, சரிபாதி. மோட்டார் அதே, சப்ளை அதே, வெப்பமும் அதே. நிற்கும்போது தாங்கும் பலத்திலும் குறைவில்லை. பலம் சரியத் தொடங்கும் வேகம் மட்டும் இரண்டு மடங்கு தள்ளிப்போகிறது. ஓடுகிற மோட்டார் தானே ஜெனரேட்டராகவும் வேலை செய்து எதிர் வோல்ட்டை உண்டாக்கும் என்பதால், நடைமுறையில் சீரிஸின் நிலை இந்தக் கணக்கு காட்டுவதைவிடவும் மோசம்.

பிறகு ஏன் இத்தனை பேர் சீரிஸில் ஓட்டுகிறார்கள்? பழைய வழக்கம் ஒரு காரணம். முன்பெல்லாம் மின்னோட்டத்தைத் திருப்பும் மின்சுற்றுக்குச் செலவு அதிகம். அதனால் காயிலின் நடுவில் ஓர் ஒயரை எடுத்து அதை சப்ளையில் கொடுத்துவிட்டு, இரு முனைகளையும் மாறி மாறித் தரையோடு இணைத்தார்கள். நான்கு டிரான்சிஸ்டர்களில் வேலை முடிந்தது. ஆறு ஒயர் மோட்டார்கள் அப்படிப் பெருகியவை. பழைய பிரிண்டர்களைக் கழற்றினால் இன்றும் கிடைக்கும். மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் இன்றைய டிரைவர்கள் திசையைத் தாமே திருப்பிவிடும். ஆறு ஒயர் மோட்டாரை அவற்றில் மாட்டுகிறவர் இரு முனைகளை மட்டும் இணைத்து நடு ஒயரைச் சும்மா விட்டுவிடுகிறார். அவர் செய்திருப்பது சீரிஸ் இணைப்பு. அது தெரியாததால் மோட்டாரைக் குறை சொல்கிறார்.

ஆறு ஒயரில் பேரலல் முடியாது. ஆனால் நடு ஒயரையும் ஒரு முனையையும் மட்டும் இணைத்துப் பாதிக் காயிலில் ஓட்டலாம். இண்டக்டன்ஸ் கால் பங்காகும். குறைந்த வேகத்தில் பலம் ஏறத்தாழ 70 சதவீதம்தான் கிடைக்கும். வேகம் ஏற ஏற அந்த 70 சதவீதம், முழுக் காயிலின் 100 சதவீதத்தை முந்திவிடும். பயன்படுத்தாத முனையை மறக்காமல் இன்சுலேஷன் டேப் சுற்றி மூட வேண்டும். மீதிப் பாதிக் காயில் டிரான்ஸ்பார்மராக வேலை செய்வதால் அந்த முனையில் சப்ளையைப் போல இரு மடங்கு வோல்ட் வரக்கூடும்.

இனி வோல்ட். மோட்டாரின் ஸ்டிக்கரில் '3 வோல்ட்' என்று போட்டிருக்கும். அதை 36 வோல்ட் சப்ளையில் மாட்டச் சொன்னால் புதியவர்கள் பயப்படுகிறார்கள். அந்த 3 வோல்ட், காயிலின் ரெசிஸ்டன்ஸை ஆம்பியரால் பெருக்கி வந்த எண். மோட்டாரை நேரடியாக சப்ளையில் கோத்த காலத்துக்கு அது பொருந்தும். இன்றைய சாப்பர் டிரைவர்கள் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்து, வைத்த அளவை எட்டியதும் துண்டித்து, குறைந்ததும் மீண்டும் கொடுப்பவை. மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு சீக்கிரம் குடம் நிறையும். நிறைந்ததும் குழாயை மூடிவிட்டால் வழியாது. உயரம் வோல்ட், மூடுவது டிரைவர்.

எவ்வளவு உயரம் வரை போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் கெக்கோடிரைவ் நிறுவனத்தை உருவாக்கிய பொறியாளர் மாரிஸ் ஃப்ரெய்மானிஸ் எளிய சூத்திரம் ஒன்றைப் பரப்பினார். மில்லிஹென்றியில் உள்ள இண்டக்டன்ஸின் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் வருவதே உச்ச வோல்ட். மேலே பார்த்த மோட்டார் பேரலலில் 2 மில்லிஹென்றி. சூத்திரம் 45 வோல்ட் என்கிறது. சீரிஸில் 8 மில்லிஹென்றி. சூத்திரம் 90 வோல்ட் வரை போகிறது. 90 வோல்ட் தாங்கும் டிரைவர் வீட்டு இயந்திரங்களில் அபூர்வம். ஏ4988 சிப் 35 வோல்ட்டோடு நின்றுவிடும், டிஆர்வி8825 சிப் 45 வோல்ட்டோடு. பரவலாக விற்கும் டிஎம்542 டிரைவரின் எல்லை 50 வோல்ட். பேரலலில் கோத்த மோட்டாரின் திறனை டிஎம்542 டிரைவரால் ஏறத்தாழ முழுதாகக் கறந்துவிட முடியும். சீரிஸில் கோத்ததைப் பாதி வழியில்தான் விட வேண்டியிருக்கும்.

3டி பிரிண்டர் உலகம் இந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் வழிவந்த வீட்டு பிரிண்டர்கள் நெடுங்காலம் 12 வோல்ட்டில் ஓடின. கம்ப்யூட்டர் பவர் சப்ளை எளிதாகக் கிடைத்தது அதற்கு ஒரு காரணம். செக் நாட்டின் புரூசா நிறுவனம் 2017-ல் வெளியிட்ட எம்கே3 மாடலில் 24 வோல்ட்டுக்கு மாறியது. இன்று 24 வோல்ட் வழக்கமாகிவிட்டது. வேகத்தில் பித்துப்பிடித்த சிலர் மோட்டார்களுக்கு மட்டும் தனியாக 48 வோல்ட் கொடுக்கிறார்கள். அங்கே யாரும் கிலோவைப் பற்றிப் பேசுவதில்லை.

மறுபக்க வாதங்களிலும் நியாயம் உண்டு. பேரலல் இணைப்புக்கு அதிக ஆம்பியர் வேண்டும். நம் உதாரண மோட்டார் கேட்கும் 2.8 ஆம்பியரை ஏ4988 தரவே தராது, டிஎம்542 தரும். சிறிய டிரைவரை வைத்துக்கொண்டு பேரலலில் கோத்தால், 1.4 ஆம்பியரில் பாதிப் பலம்தான் கிடைக்கும். அவ்வளவு வேகம் தேவைப்படாத, கனமான இழுப்பு மட்டும் வேண்டிய இடங்களில், உதாரணமாக மெதுவாகச் சுழலும் ரோட்டரி மேசையில், சீரிஸே போதும். வோல்ட் ஏற ஏற மோட்டாரின் இரும்புக்குள் வெப்பம் கூடும். மோட்டாரின் காப்பு பொதுவாக 130 டிகிரி வரை தாங்கும்; அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருந்தால் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மே மாதத்துத் தகர ஷெட்டில் அந்த 60-ஐ எட்ட அதிக நேரம் ஆகாது. அலுமினியத் துண்டு ஒன்றில் பிராக்கெட் செய்துகொள்வது உத்தமம்.

ஒயரை மாற்றியும் வேகம் ஏறவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் விநாடிக்குச் சுமார் 30,000 பல்ஸ்களோடு நின்றுவிடும். ஒரு படியை 16 ஆகப் பிரித்து மைக்ரோஸ்டெப்பிங் வைத்திருந்தால் சுற்றுக்கு 3,200 பல்ஸ்; விநாடிக்கு 9 சுற்றைச் சற்றே தாண்டியதும் கணினிப் பக்கத்திலேயே கதவு சாத்தப்படும். பிரிப்பை 8-க்குக் குறைத்தால் அந்த எல்லை இரு மடங்காகும். சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும் ஸ்குரூவுக்குப் பதில் 4 அல்லது 5 மி.மீ. ஸ்குரூ போட்டாலும் அதே பலன்தான். வேகமெடுக்கும் வீதத்தை அளவுக்கு மீறி வைத்திருந்தால் எந்த மோட்டாரும் புறப்படும்போதே படி தவறும்.

பெரிய மோட்டார் ஏன் பல நேரம் மந்தமாகிறது என்பதற்கும் விடை அந்த இண்டக்டன்ஸ் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. நீளமான நெமா 23-ல் ரோட்டர் கனம்; காயிலில் பெரும்பாலும் இண்டக்டன்ஸும் அதிகம். நிற்கும்போது 19 கிலோ தாங்கும் அது, 24 வோல்ட்டில் விநாடிக்கு 10 சுற்று ஓடும்போது குறைந்த இண்டக்டன்ஸ் உள்ள சிறிய மோட்டாரைவிடக் குறைவாகவே இழுக்கக்கூடும்.

இணைப்பை மாற்றும் வேலைக்கு ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும். முதலில் சப்ளையை அணைத்துவிட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால், காயிலிலிருந்து எகிறும் வோல்ட் டிரைவரைக் கொன்றுவிடும். மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து எந்த ஒயருக்கு எது ஜோடி என்று பார்த்தால் எட்டு ஒயரில் நான்கு ஜோடி கிடைக்கும். எந்த இரு ஜோடி ஒரே ஃபேஸ் என்பதைத் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி நிறங்கள் மாறும். ஒரே ஃபேஸின் இரு காயில்களை சீரிஸில் முறுக்கி, மீந்த இரு முனைகளையும் ஒன்றாகத் தொடவைத்துக்கொண்டு அச்சை விரலால் சுழற்றிப் பார்க்கலாம். சரியான திசையில் இணைந்திருந்தால் அச்சு கடகடவென்று இடறி இறுகும். ஒன்றுக்கொன்று எதிராக இணைந்திருந்தால், ஒயரைத் தொடாதபோது எப்படித் திரும்புமோ அப்படித் தளர்வாகவே திரும்பும். எதிரான திசையில் பேரலலாக்கி மின்சாரம் கொடுத்தால் இரு காயில்களின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மோட்டார் ஓடாது, டிரைவரும் பிழைக்காமல் போகலாம்.

சப்ளையை டிரைவரின் எல்லைக்குக் கீழே சில வோல்ட் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். சட்டென்று வேகம் குறையும்போது மோட்டார் சக்தியை சப்ளைக்கே திருப்பி அனுப்பும். அப்போது வோல்ட் ஏறும். 50 வோல்ட் டிரைவருக்கு 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் நிம்மதியான துணை. அதன் உள்ளீட்டுப் பக்கம் 230 வோல்ட் என்பதையும், அந்தத் திருகுகளுக்கு மூடி வேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குளோஸ்டு லூப் ஸ்டெப்பர்கள் வந்துவிட்ட பிறகு இந்தப் பழைய சண்டை எதற்கு என்பார்கள் சிலர். அவற்றின் பின்புறம் இருக்கும் என்கோடர், படி தவறியதைக் கண்டுபிடிக்கும். தவறியதை ஈடுகட்ட முயலும். நல்ல வசதிதான். ஆனால் உள்ளே இருப்பதும் அதே காயில், அதே இண்டக்டன்ஸ். 24 வோல்ட்டில் கிடைக்காத பலத்தை என்கோடரால் உண்டாக்க முடியாது. இயந்திரம் பிழை விளக்கை எரியவிட்டு நிற்கும், அவ்வளவே.

பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோபிராசசர் ஆய்வகங்களில் ஸ்டெப்பர் மோட்டார் பல்லாண்டுகளாக இருக்கிறது. 8085 கிட்டில் 09, 05, 06, 0ஏ என்ற நான்கு எண்களை வரிசையாக அனுப்பினால் மோட்டார் சுற்றும். வரிசையைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் சுற்றும். மாணவர் ரெக்கார்டில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். டிலே எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மோட்டார் ஏன் நின்று நடுங்குகிறது என்ற கேள்வியை அந்தப் பரிசோதனை கேட்பதில்லை. அங்கேதான் இயந்திரம் கட்டுகிறவருக்குத் தேவையான பாடம் தொடங்குகிறது.

விற்பவர்களும் மாறலாம். ஃபேஸ் இண்டக்டன்ஸ், ஃபேஸ் ஆம்பியர், ஒயர் எண்ணிக்கை, எந்த வோல்ட்டில் எந்த வேகத்துக்கு எவ்வளவு பலம் என்ற வரைபடம்: இந்த நான்கையும் நல்ல தயாரிப்பாளர்கள் டேட்டாஷீட்டில் தந்துவிடுகிறார்கள். கிலோவுக்குப் பக்கத்தில் அவற்றையும் கடைக்காரர் போட்டால் போதும். புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் அவர்களும் போடத் தொடங்குவார்கள்.

ஆய்வகத்துக்கும் பெரிய செலவில்லை. எட்டு ஒயர் மோட்டார் ஒன்று, 50 வோல்ட் வரை தாங்கும் டிரைவர் ஒன்று, 24 வோல்ட்டிலும் 48 வோல்ட்டிலுமாக இரண்டு சப்ளைகள். 48 வோல்ட் அந்த டிரைவரின் எல்லையை ஒட்டி இருப்பதால் மேசையில் சோதிக்கும்போது வேகத்தைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். சீரிஸில் கோத்து இரு வோல்ட்டிலும் எந்த வேகத்தில் மோட்டார் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பேரலலாக்கி மீண்டும் அதையே செய்ய வேண்டும். கிடைக்கும் நான்கு வேகங்களையும் ரெக்கார்டில் குறித்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க, ஒரு பிற்பகல் வகுப்பு தாராளம்.